நாளைக்கென வைத்த வெங்காயம்

நாட்டுச் சின்ன வெங்காயத்தில் சமையலுக்கு ஒன்று, விதைக்கு ஒன்று என இரண்டு பொருள்கள் கிடையாது. குழம்பில் வதங்குவதும் அடுத்த பட்டத்துக்கு ஊன்றுவதும் ஒரே காய்தான். நெல்லும் அப்படித்தான் என்றாலும் அளவில் பெரிய வேறுபாடு உண்டு. நாற்று விட்டு நடும் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ விதை இருந்தால் போதும். விளைச்சலில் அது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. சின்ன வெங்காயத்துக்கு அதே பரப்பில் சுமார் 1,500 கிலோ காய் ஊன்ற வேண்டும். நன்றாக விளைந்தால் 12 முதல் 16 டன் வரை கிடைக்கும். ஆக, பத்தில் ஒரு பங்கு மண்ணுக்குத் திரும்பியாக வேண்டும். வீட்டுக் கொல்லையில் நாலு பாத்தி போடுபவருக்கும் கணக்கு அதுதான்: பத்துக் கிலோ எடுத்தால் ஒரு கிலோவைத் தொடக்கூடாது. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே மூன்று மாதமாவது அந்த ஒரு கிலோ அடுக்களைக்குப் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பாட்டன் காலத்து வெங்காயம் ஒன்று இன்றும் ஒரு வீட்டில் இருக்கிறதென்றால், இடைப்பட்ட ஒவ்வொரு பட்டத்திலும் யாரோ ஒருவர் அதில் ஒரு பங்கைத் தின்னாமல் விட்டிருக்கிறார். இந்த எளிய உண்மையை வைத்துக்கொண்டு பழைய சமயக் கேள்வி ஒன்றை ஆராயலாம். நாளைக்கென்று எடுத்துவைப்பது பற்றின் அடையாளமா? கடவுள் மீதோ அறத்தின் மீதோ நம்பிக்கை உள்ளவர் சேமிக்கலாமா?

கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சேமிப்பைக் குற்றமாகச் சொல்லும் சாட்சிகள் கனமானவை. பைபிளின் யாத்திராகமத்தில் பாலைவனத்தில் அலையும் இஸ்ரவேலருக்கு வானிலிருந்து மன்னா விழுகிறது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கச் சொல்கிறார் மோசே. கேளாமல் மறுநாளைக்கு எடுத்துவைத்தவர்களுடைய மன்னா புழுத்து நாறிப்போகிறது. பிறகு எண்ணாகமத்தில் அதே மக்கள் மன்னாவில் சலித்து, எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். ஒரு பக்கம் ஒரு நாள்கூட நிற்காத தெய்வ உணவு. மறுபக்கம் மாதக்கணக்கில் நிற்கும் வெங்காயம், அடிமைத்தனத்தின் ருசியாக. பௌத்த விநய விதிகளின்படி பிக்கு ஏற்ற உணவை மறுநாளைக்கு வைத்திருந்து உண்பது குற்றம். நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகியவற்றை மட்டும் மருந்தாக ஏழு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். புத்தர் மறைந்து நூறாண்டு அளவில் வைசாலியில் கூடிய சங்கம் விவாதித்த பத்துச் சிக்கல்களில் ஒன்று, கொம்புக் குழலில் உப்பைச் சேர்த்துவைக்கலாமா என்பது. உப்புக்கே இந்தக் கண்டிப்பு. திக நிகாயத்தின் அக்கஞ்ஞ சுத்தம் இதற்கும் மேலே போகிறது. ஆதியில் உமியும் தவிடும் இல்லாத அரிசி தானாகவே விளைந்தது. மாலையில் எடுத்த இடத்தில் காலையில் மறுபடி முளைத்திருக்கும். ஒருவன் சோம்பலில் இரு வேளைக்குச் சேர்த்து எடுத்தான். அடுத்தவன் இரண்டு நாளைக்கு, இன்னொருவன் நாலு நாளைக்கு, எட்டு நாளைக்கு. அதன்பின் அரிசியை உமி மூடியது, அறுத்த இடம் வெறுமையாய் நின்றது, எல்லை போட்டார்கள், திருட்டு வந்தது, அடிக்க அரசன் வந்தான். அந்தக் கதையில் மனித குலத்தின் சரிவே சேமிப்பில்தான் தொடங்குகிறது.

இதை எதிர்கொள்ளும் முன், வெங்காயத்தைக் காப்பது என்றால் நடைமுறையில் என்ன என்று பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குச் சித்திரையும் ஐப்பசியும் முக்கியமான பட்டங்கள். பார் கட்டி, இரு பக்கமும் சிறிது இடைவெளி விட்டுக் காயை ஊன்றினால், ஒவ்வொரு காயும் மண்ணுக்குள் பிரிந்து ஒரு கொத்தாகும். இரண்டரை மாதத்தில் தாள் மஞ்சளாகிச் சாயும். அறுவடைக்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, பிடுங்கி, நிழலில் உலர்த்தி, கழுத்து நன்றாகக் காய்ந்த பிறகே எடுத்துவைக்க வேண்டும். கழுத்து தடித்த காய், அடிபட்ட காய், பூத்தண்டு விட்ட காய் எதுவும் நிற்காது. அவை முதலில் அடுக்களைக்குப் போகும். நடுத்தர அளவில் உருண்டு, இறுக்கமாக, நல்ல சிவப்பாக இருப்பவை விதைக்கு. தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிடுவார்கள். அளவு கூடினால், பெரம்பலூர்ப் பக்கத்தில் செய்வதுபோல், தரையிலிருந்து உயர்த்திப் பட்டறை போட்டு மேலே வேய்வார்கள். புதுக்காய்க்கு இயல்பாகவே உறக்ககாலம் உண்டு. எடுத்தவுடன் ஊன்றினால் சீராக முளைக்காது. உறக்கம் கலைந்த பிறகு முளைவிடாமல் தடுப்பதும் எளிதல்ல. மிதமான குளிர்ச்சியில் வெங்காயம் சீக்கிரம் முளைக்கும். கடுங்குளிரிலும் நம் ஊர் வெப்பத்திலும் முளைப்பு குறையும். ஆனால் வெப்பத்தில் எடை இறங்கும், ஈரம் பட்டால் அழுகும், ஒன்று அழுகினால் அது அடுத்ததைத் தொடும். எனவே வாரந்தோறும் துழாவிப் பார்த்துப் பொறுக்க வேண்டும். இந்தக் காவலில் காயின் தோலுக்கும் பங்கு உண்டு. 1920களிலும் 30களிலும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜே. சி. வாக்கரும் கார்ல் லிங்க்கும் செய்த ஆய்வுகள், நிறமுள்ள வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலில் உள்ள கேட்டகோல், புரோட்டோகேட்டகூயிக் அமிலம் என்ற இரு பொருள்கள் ஒருவகைப் பூஞ்சையைத் தடுக்கின்றன என்று காட்டின. வெள்ளை வெங்காயத்துக்கு அந்தக் காப்பு இல்லை. செத்துச் சருகான வெளித்தோல்தான் உள்ளே இருக்கும் உயிரைக் காக்கிறது.

இந்த விவரங்களில் ஒன்று கவனத்துக்குரியது. விளைச்சலில் மிகச் சிறந்த பங்கு வளர்த்தவருடைய வாய்க்குப் போவதில்லை. நொந்ததும் நோயுற்றதும் இலைக்கு வருகின்றன, தேறியவை மண்ணுக்குப் போகின்றன. இப்போது கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கென்று எதையும் வைக்காதே என்ற போதனையை ஒரு வெங்காயக் குடும்பம் எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தால் என்ன ஆகும்? விதைக்காயையும் சேர்த்துத் தின்றுவிடுவார்கள். நாளைய கவலை இல்லாத அந்தச் செயலைப் பற்றின்மை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தன் காலத்துக்குப் பின்னால் வரப்போகும் எல்லோருடைய பங்கையும் தன் நாக்குக்காக முடித்துவிடுவது பேராசையின் முழு வடிவம். ஆக, சேமிப்பெல்லாம் பற்று என்பது பொது விதியாக நிற்காது. சேமிக்காமல் இருப்பதே பெரும்பற்றாக இருக்கும் இடங்கள் உண்டு, அதில் விதை முதலாவது. என் வாதம் இதுதான்: ஒன்றை எடுத்துவைப்பது பற்றா, அறமா என்பதை எடுத்துவைக்கும் செயல் தீர்மானிப்பதில்லை, வைத்தது யாருக்கு உரியது என்று வைத்தவர் எண்ணுகிறாரோ அதுதான் தீர்மானிக்கிறது. தன்னுடையது என்று வைத்தால் பதுக்கல். தன் கைக்கு வந்துசேர்ந்த பிறர் பொருள் என்று வைத்தால் காவல்.

இந்த வெளிச்சத்தில் மேலே சொன்ன சாட்சிகளைத் திரும்பப் படித்தால் அவை வேறு தொனியில் பேசுகின்றன. மன்னாக் கதையிலேயே ஆறாம் நாள் இரட்டிப்பாக எடுத்துவைக்கச் சொல்லும் கட்டளை இருக்கிறது. ஓய்வுநாளுக்காக வைத்த அந்தப் பங்கு புழுக்கவில்லை. தலைமுறைகளுக்கு நினைவாக ஒரு பாத்திரம் நிறைய மன்னாவைக் காத்துவைக்கவும் சொல்லப்படுகிறது. அதே பொருளை ஆசையில் வைத்தால் ஒரு நாளில் நாறுகிறது, கட்டளைப்படி வைத்தால் தலைமுறைக்கும் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு: பாலைவனம் விதைக்கும் நிலமல்ல. யோசுவாவின் நூலின்படி, கானான் நாட்டின் விளைச்சலை மக்கள் உண்ட மறுநாளே மன்னா நின்றுபோகிறது. விதைக்கும் நிலம் கைக்கு வந்ததும் அன்றன்றைய உணவின் காலம் முடிகிறது, விதை வைக்கும் பொறுப்பு தொடங்குகிறது. அக்கஞ்ஞ சுத்தத்தின் அரிசியும் தானாக விளைந்த அரிசி. தானாக விளைவதைச் சேர்த்துவைப்பது தேவையற்ற செயல், ஆகவே அது ஆசை மட்டுமே. நாம் வாழும் உலகிலோ அறுத்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது. அந்தக் கதை சரிவு என்று காட்டும் உலகத்தில்தான் வெங்காயம் விளைகிறது. அங்கே விதையை எடுத்துவைக்காதவர் ஆதி நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை, அடுத்த பட்டத்தில் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறார். பிக்குவின் வெறும் பாத்திரத்துக்கும் இது பொருந்தும். பாத்திரம் வெறுமையாக இருக்கலாம், ஏனென்றால் ஊரில் எங்கோ ஒரு பானை நிறைந்திருக்கிறது. வள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் துறந்தாருக்கும் இல்லாதவருக்கும் துணை இல்வாழ்வானே என்று சொன்னபோது இந்த உறவைத்தான் சொன்னார். துறவியின் சேமியாமையும் இல்லறத்தாரின் சேமிப்பும் ஒரே அறத்தின் இரு வேலைப் பங்கீடுகள். ஒன்றின் விதியை மற்றதன் மேல் சுமத்தினால் இரண்டும் கெடும்.

இங்கே முதல் மறுப்பு எழும். எந்தப் பதுக்கல்காரரும் தன்னைப் பதுக்கல்காரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. நாளைக்கு வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எண்ணத்தை அளவுகோலாக்கினால் யாரையும் பிடிக்க முடியாது. இந்த நியாயமான சந்தேகத்துக்குச் சட்டம் அளவைக் கொண்டு விடை சொல்கிறது. 2019 செப்டம்பரில் வெங்காய விலை ஏறியபோது மத்திய அரசு ஏற்றுமதியைத் தடுத்து, சில்லறை வியாபாரி 100 குவிண்டாலுக்கும் மொத்த வியாபாரி 500 குவிண்டாலுக்கும் மேல் இருப்பு வைக்கக் கூடாது என்றது. இஸ்லாமிய மரபு இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. விலை ஏறட்டும் என்று உணவைத் தடுத்துவைப்பவர் பாவி என்று ஹதீஸ் கண்டிக்கிறது. அதே ஹதீஸ் தொகுப்புகளில் நபிகள் தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை எடுத்துவைத்தார் என்றும் பதிவாகியிருக்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. ஒன்று அடுத்தவருடைய பசியிலிருந்து லாபம் எடுக்கிறது, மற்றது அப்படி எடுப்பதில்லை. சமண ஆசிரியர் உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் உடைமை என்பதையே மயக்கம் என்று வரையறுத்தார். பொருள் எங்கே கிடக்கிறது என்பதைவிட மனம் அதில் எப்படி ஒட்டியிருக்கிறது என்பது அவருக்கு முக்கியம். ஆனாலும் சமணம் மனத்தை மட்டும் நம்பி நின்றுவிடவில்லை. இல்லறத்தாருக்கு உடைமையின் எல்லையைத் தாமே முன்கூட்டிக் கட்டிக்கொள்ளும் விரதத்தையும் வைத்தது. எண்ணத்தை வெளியே காட்டிக்கொடுக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்பதை அந்த மரபு அறிந்திருந்தது.

வெங்காயம் அப்படிச் சில அடையாளங்களைத் தருகிறது. வைத்ததற்கு ஒரு கெடு இருக்கிறதா? விதைக்காய்க்கு இருக்கிறது, பட்டம் வந்தால் ஊன்றியாக வேண்டும், தவறினால் அது தானே முளைத்து வற்றிவிடும். வைத்ததன் சிறந்த பங்கு யாருக்குப் போகிறது? மண்ணுக்கு, அதாவது தனக்குப் பின்னால் வருவோருக்கு. வைத்ததை அடுத்தவருக்குக் கொடுத்தால் வைத்தவரிடம் குறைகிறதா, நிலைக்கிறதா? இந்த மூன்று கேள்விகளையும் எந்தச் சேமிப்பிடமும் கேட்கலாம். பைபிளில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு தானியத்தைச் சேர்த்து எகிப்தைப் பஞ்சத்திலிருந்து காத்தார் என்பதைச் சேமிப்பின் புகழாகச் சொல்வார்கள். கதையைக் கடைசிவரை படித்தால், அந்தத் தானியத்தை விற்றே மக்களுடைய பணமும் கால்நடையும் நிலமும், முடிவில் அவர்களும் பார்வோனின் உடைமையாகிறார்கள். சேர்த்தது அறமாகத் தொடங்கி, கொடுத்த விதத்தில் அடிமைத்தனமாக முடிந்தது. பட்டறையில் வெங்காயத்தை வைத்து விலைக்குக் காத்திருக்கும் சிறு விவசாயியை இந்த வரிசையில் சேர்ப்பது தவறு. அறுவடைக் காலத்தில் எல்லோர் காயும் ஒரே நாளில் சந்தைக்கு வந்தால் பறித்த கூலிகூடத் தேறாது. பட்டறை அவருடைய உழைப்பின் விலையைக் காக்கிறது, தட்டுப்பாடு இல்லாத நாளில் சந்தையின் நெரிசலையும் குறைக்கிறது. ஊரே காயில்லாமல் தவிக்கும்போது கதவைச் சாத்திவைத்தால் அங்கே கணக்கு மாறுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்றைய தொழில்நுட்பத்திலிருந்து வரும். விதையைக் காக்க இவ்வளவு மனித முயற்சி ஏன்? நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் பூமிக்கடியில் மைனஸ் 18 டிகிரியில் உலகத்து விதைகளை வைத்திருக்கிறார்களே, பெட்டியில் பூட்டினால் போதாதா? உலர்த்தி உறையவைக்கும் விதைகளுக்கு அது பெரும் பாதுகாப்பு, குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் காயாகவே பெருகிவரும் நாட்டு வெங்காயத்தை அப்படிப் பூட்ட முடியாது. காய் உயிருள்ள ஈரமான உடல், உறையவைத்தால் சாகும். ஆய்வகத்தில் திசுவாக வளர்த்துக் காக்கும் முறைகள் உண்டு, வீட்டுக் கொல்லைக்கோ ஒவ்வொரு பட்டத்திலும் ஊன்றி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. விதை போட்டு வளர்க்கும் வகைகளிலும் வெங்காய விதையின் முளைப்புத் திறன் சாதாரண வீட்டுச் சூழலில் ஓரிரு ஆண்டில் இறங்கிவிடும். இதைவிட முக்கியமானது, ஒருவர் தனியாகவே காத்துக்கொண்டிருக்கவும் முடியாது என்பது. காயிலிருந்து காயாகப் பெருகும்போது மஞ்சள் குட்டை நோய் போன்ற வைரஸ் நோய்களும் தலைமுறையாகத் தொடர்ந்து வந்து சேர்கின்றன. ஒரே பாத்தியில் ஒரே காயைச் சுற்றிச் சுற்றி ஊன்றினால் விளைச்சல் தேயும். வேறொருவர் கொல்லையில் தேறிய காயை வாங்கி ஊன்ற வேண்டிய நாள் வந்தே தீரும். பூவிலிருந்து விதை எடுக்கும் வகைகளில் காரணம் வேறு, முடிவு ஒன்றே: வெங்காயம் பூச்சிகளால் அயல் மகரந்தம் ஏற்கும் பயிர், நாலைந்து செடிகளுக்குள்ளேயே விதை எடுத்துக்கொண்டிருந்தால் சந்ததி நலிந்துபோகும். கொடுத்து வைத்திருந்தால்தான் திரும்ப வாங்க முடியும். தன் வீட்டு வெங்காயத்தை யாருக்கும் தராமல் காப்பவர், தன் பாத்தியில் ஒரு மழைக்காலம் அழுகல் விழுந்தால் முழுவதையும் இழப்பார். பரம்பரைச் சொத்து என்று நாம் சொல்லும் இந்தக் காய், சொத்து என்ற முறையில் நடத்தினால் நிலைப்பதில்லை.

மூன்றாவது மறுப்பு வெங்காயத்தின் மீதே. பல சமய மரபுகள் ஒதுக்கிவைத்த பொருளைச் சமய வாதத்துக்கு எப்படிச் சாட்சியாக்குவது? மனுஸ்மிருதி இருபிறப்பாளருக்குப் பூண்டையும் வெங்காயத்தையும் விலக்குகிறது. வைணவ வீடுகள் பலவற்றிலும் நோன்பு நாள்களிலும் அவை சமையலறைக்கு வருவதில்லை. இவற்றில் ஆழமான காரணம் சமணத்தினுடையது. மண்ணுக்குள் விளையும் கிழங்கும் குமிழும் ஒரே உடலில் எண்ணிலா உயிர்கள் கூடிய அனந்தகாயம், ஆகையால் அதைத் தின்பது பெருங்கொலை என்கிறது அது. செடிகொடிகளை ஓரறிவு உயிர் என்று வகுத்த தொல்காப்பிய மரபைப் படித்த தமிழ் வாசகருக்கு இந்தப் பார்வை அந்நியமானதல்ல. இந்தத் தடையை ஏற்பவர்களோடு நான் வாதிட வரவில்லை. ஆனால் அவர்களுடைய காரணம் என் வாதத்துக்கு எதிராக நிற்கவில்லை. அறுத்த பின்னும் உயிர் முடியாதது, மண்ணில் வைத்தால் மறுபடி பலவாகப் பெருகக்கூடியது என்று அவர்கள் வெங்காயத்தில் கண்டதைத்தான் விதைக்காயை எடுத்துவைப்பவரும் காண்கிறார். முன்னவர் அதனால் எதையுமே தின்பதில்லை. பின்னவர் ஒரு பங்கையாவது தின்பதில்லை. அந்த உயிரின் முன்னால் தன் பசிக்கு எல்லை போட்டுக்கொள்வதில் இருவருக்கும் வேறுபாடு அளவில்தான்.

மிகக் கடினமான மறுப்பு நம் பக்தி மரபிலேயே இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடும் இளையான்குடி மாற நாயனார் செல்வம் எல்லாம் கரைந்து வறுமையில் இருக்கிறார். மழை கொட்டும் இரவில் அடியவர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிவந்தால் அமுது ஆக்கலாம் என்கிறார் மனைவி. இருட்டில் வயலுக்குப் போய், மழைநீரில் மிதந்த முளைநெல்லைக் கூடையில் வாரிவருகிறார் மாறர். விறகுக்கு வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துப்போடுகிறார், கொல்லையில் இன்னும் முற்றாத கீரையைப் பறித்துத் தருகிறார். விதையைத் தின்பது பேராசை என்றால் இந்த இரவை என்னவென்று சொல்வது? விருந்தோம்பி மிஞ்சியதை உண்பவன் நிலத்துக்கு விதை போடவும் வேண்டுமா என்று வள்ளுவரும் கேட்டிருக்கிறாரே. விதையைக் காக்கும் அறத்தை உடைப்பதையே சைவம் புனிதமாகக் கொண்டாடுகிறது என்று தோன்றும்.

இதற்கு நேரெதிரான ஒரு நிகழ்ச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. முற்றுகை 1944 ஜனவரியில்தான் முழுதாக விலகியது. நகரில் பல லட்சம் பேர் பட்டினியில் செத்தார்கள். அதே நகரின் நடுவில், நிகோலாய் வவிலோவ் உலகெங்கும் திரட்டிய விதைத் தொகுப்பு ஒரு நிறுவனக் கட்டடத்தில் இருந்தது. வவிலோவ் 1940இல் கைதாகி, 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் இறந்தார். நிறுவனத்தில் எஞ்சியிருந்த ஊழியர்கள் எலியிடமிருந்தும் உறைபனியிடமிருந்தும் மனிதப் பசியிடமிருந்தும் அந்த விதைகளைக் காத்தார்கள். உருளைக்கிழங்கு வகைகள் உறைந்துவிடாமல் இருக்கக் கிடைத்ததையெல்லாம் எரித்துச் சூடேற்றினார்கள். வெங்காயக் காயைப் போலவே அந்தக் கிழங்குகளையும் ஆண்டுதோறும் ஊன்றினால்தான் உயிர் நிற்கும். நெல் தொகுப்பைக் காத்தவரும் நிலக்கடலைத் தொகுப்பைக் காத்தவரும் தங்கள் பொறுப்பில் இருந்ததில் ஒரு மணியையும் தின்னாமல் பசியால் இறந்தார்கள். மாறர் விதையை வாரியெடுத்தார், இவர்கள் தொடாமல் செத்தார்கள். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும் என்று தோன்றுவது இயல்பு.

கூர்ந்து பார்த்தால் இரண்டு கதைகளுக்கும் அடியில் ஒரே நடத்தை இருக்கிறது. மாறருடைய வீட்டில் அன்று பசித்திருந்தது விருந்தாளி மட்டுமல்ல. கணவனும் மனைவியும் பசித்தே கிடந்தார்கள். அந்தப் பசிக்காக அவர்கள் விதைநெல்லைப் பொங்கிவிடவில்லை. அதை வயலில் தூவிவிட்டுப் பட்டினி கிடந்தார்கள். தமக்காகத் தொடாததைத்தான் வந்தவருக்காக வாரியெடுத்தார்கள். லெனின்கிராடில் இருந்தவர்களும் தமக்காகத் தொடவில்லை. இரு இடத்திலும் விதை தன்னுடையது என்ற எண்ணம் இல்லை, அதனால் தன் பசியை அதன் மேல் உரிமையாக யாரும் வைக்கவில்லை. வேறுபாடு உரிமை கேட்டு நின்றவர் யார் என்பதில். மாறரிடம் கேட்டவர் வாசலில் நனைந்து நிற்கும் ஒரு மனிதர். ஒரு கூடை நெல் அவருடைய பசியை அந்த இரவில் முழுதாகத் தீர்க்கும். இழப்பு மாறருடைய ஒரு போகம், உலகத்தில் அந்த நெல் அழிந்துபோகாது. லெனின்கிராடில் கேட்டது ஒரு மாநகரத்தின் பசி. மாதிரிகளாக இருந்த விதை அதை ஒரு வேளைகூடத் தணித்திருக்காது, ஆனால் வேறெங்கும் இல்லாத வகைகள் என்றென்றைக்குமாக முடிந்திருக்கும். அந்தக் கட்டடத்தின் கதவை ஒரே ஒரு பசித்த குழந்தை தட்டியிருந்தால் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது, அதற்கு என்னிடம் சுலபமான விடை இல்லை. காவலர் என்பவர் எதிர்காலத்தின் பங்கையும் எதிரில் நிற்பவரின் பங்கையும் எடைபோட வேண்டியவர், அந்த எடை சில நேரம் தாங்க முடியாததாக இருக்கும் என்பதை மறைப்பதில் பயனில்லை. உரியவர்கள் இருவர் இருந்தாலும் மூன்றாவதாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளாதிருப்பது இரு கதைக்கும் பொது. வள்ளுவரின் கேள்வியும் அப்போது விதையை அலட்சியம் செய்வதாக ஒலிப்பதில்லை. முதலில் பிறருக்கு, மிஞ்சியது தனக்கு என்று உண்பவரிடம் விதையும் பத்திரமாக இருக்கும் என்று சொல்வதாக ஒலிக்கிறது.

செடியின் இயல்பிலிருந்து மனிதருக்கு அறம் சொல்லக் கூடாது என்றும் ஒருவர் சொல்லலாம். இயற்கையில் ஒட்டுண்ணியும் உண்டு. அதைக் கண்டு ஒட்டுண்ணியாக வாழக் கற்றுக்கொள்வோமா? இந்த எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். வெங்காயம் தனக்காக உணவைச் சேமிக்கிறது, ஆகவே நாமும் சேமிக்கலாம் என்று நான் வாதிடவில்லை. சேமிப்பதெல்லாம் பற்று என்ற பொது விதி ஒன்று முன்வைக்கப்பட்டது. அந்த விதியை மீறும் ஒரு செயல், பற்றின்மைக்கு மிக நெருக்கமான செயல், ஆயிரக்கணக்கான சாதாரண வீடுகளில் நடக்கிறது என்று காட்டியதே வாதம். ஒரு விதியை உடைக்க ஒரு நல்ல எதிர்ச்சான்று போதும். அதற்குமேல் வெங்காயத்திடம் உபதேசம் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த எதிர்ச்சான்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாச் சேமிப்பும் இதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ளும். வெங்காயத்தைக் காப்பவர் நல்லவராக இருப்பதற்குக் காய் அவருக்கு உதவுகிறது. அதிகம் வைத்தால் அழுகுகிறது, கெடு தாண்டினால் முளைக்கிறது, தனியாக வைத்தால் நலிகிறது. பேராசை கொண்டவரையும் அது கொஞ்சம் கொடையாளியாக்கிவிடும். பொன்னும் நிலமும் வங்கிக் கணக்கும் இப்படி உதவுவதில்லை. அவை அழுகுவதில்லை, அவற்றில் பத்தில் ஒரு பங்கு தானாக முளைவிட்டு, கொடு என்று கேட்பதில்லை, எவ்வளவு தனிமையில் பூட்டினாலும் நலிவதில்லை. அதனால்தான் சமணம் எல்லை கட்டும் விரதத்தையும், இஸ்லாம் ஜகாத்தையும், பைபிள் தசமபாகத்தையும் வைத்தன. இல்லாதவர் பசியைத் தீர்ப்பதே ஒருவன் தன் பொருளைச் சேர்த்துவைக்கும் இடம் என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் சொன்னதும் அதனால்தான். அழியும் பொருளுக்கு அழிவே எல்லை போடுகிறது. அழியாத பொருளுக்கு அந்த எல்லையை வைத்திருப்பவர் தாமே போட வேண்டும். நாளைக்கென்று எடுத்துவைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் ஆம். ஆனால் எதை வைத்தோமோ அதற்கு ஒரு கெடுவையும், அதில் ஒரு சிறந்த பங்குக்கு வேறொரு உரியவரையும் வைக்கும் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும். விதை வெங்காயத்தில் அதைப் பட்டம் தீர்மானிக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் அந்த வேலை நம்முடையது.